நேராகப் பூட்டிய சப்பாத்து

றொசாந்தியின் வலது கால் பிறந்ததிலிருந்தே கொஞ்சம் வெளிப்பக்கம் பார்த்துத்தான் நடக்கும். குருநகர்க் கரையின் ஈரத்தில் நூறு பேர் நடந்து போயிருந்தாலும் அவளுடைய சுவட்டை எமில்ராஜ் பிரித்தெடுத்துவிடுவான். இடது கால் நேரே போகும். வலது கால், பக்கத்து வளவில் என்ன நடக்கிறதென்று விடுப்புப் பார்ப்பதுபோல் ஒருக்களித்துப் போகும். கலியாணத்துக்கு முந்திய நாட்களில், படகை விட்டு இறங்கும்போது அந்தச் சுவடு கண்ணில் பட்டால் போதும், கடலில் பட்ட களைப்பு அவனுக்குப் பறந்துவிடும். வாத்து நடைக்குப் பொருத்தமாக "தாராக் கால்" என்று அவளுக்குப் பட்டம் வைத்ததும் அவன்தான். அவள் முறைத்தது, பிறகு சிரித்தது, பிறகு அவனைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் நின்றது எல்லாம் அந்தப் பட்டத்தில்தான் தொடங்கின.

அந்தக் காலை அவ்வளவு அறிந்தவன்தான் அதைக் கெடுத்தான்.

பாரிசிலிருந்து அவனுடைய அக்கா யசிந்தா அனுப்பிய பெட்டி மாசி மாதத்தில் வந்தது. உள்ளே ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து, இரண்டு சைக்கிள் பெடல்கள், ஒரு சின்னப் பையில் இரண்டு கறுப்பு முக்கோணத் துண்டுகள், ஆறு திருகாணிகள். சப்பாத்தின் அடி பலகைபோல் விறைத்திருந்தது. அந்த முக்கோணத் துண்டுக்குக் கிளீற் என்று பெயர். அதைச் சப்பாத்தின் அடியில் மூன்று ஆணிகளால் பூட்டவேண்டும். பெடலில் மிதித்தால் டக்கென்று கௌவிக்கொள்ளும். குதிக்காலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். கௌவியபடி ஓடினால் மிதிக்கிற பலமும் தூக்குகிற பலமும் ஒன்றுகூட வீணாகாமல் சில்லுக்குப் போகும். ஓட்டப் போட்டிக்கு வருகிற பெட்டைகள் எல்லோரும் இப்போது அதைத்தான் போடுகிறார்கள். றொசாந்தி மட்டும் ரப்பர்ச் சப்பாத்தோடு மிதித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இறுக்கிப் பூட்டு தம்பி," என்று யசிந்தா தொலைபேசியில் சொன்னாள். "இஞ்சை எங்கடை ஒழுங்கையிலை ஒரு பெடியன், ஆணி கழண்டு விழுந்து தோள் முறிஞ்சு கிடக்கிறான்."

அந்தச் சொல் எமில்ராஜின் நெஞ்சில் போய்த் தைத்தது.

அவன் அந்தச் சப்பாத்தை அக்காவிடம் கேட்டு வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. ஏழு வருடங்களுக்கு முன் மாகாணச் சைக்கிள் அணியில் றொசாந்திக்கு இடம் கிடைத்திருந்தது. கொழும்பில் தேசிய ஓட்டம். அதே வாரத்தில்தான் இவர்களுடைய கலியாணமும் குறிக்கப்பட்டது. விபூதிப் புதனுக்கு முன் கட்டாவிட்டால் தவக்காலம் வந்துவிடும். தவக்காலத்தில் கோயிலில் கலியாணம் இல்லை. பாஸ்காத் திருநாள் முடிந்து கட்டலாமென்றால் சோளகக் காற்றுத் தொடங்கிவிடும், கடலில் தொழில் இறுகிவிடும் என்று அவன் வீட்டார் சொன்னார்கள். அவன் பங்குச் சுவாமியிடம் நாளைக் குறித்துவிட்டு வந்துதான் அவளிடம் சொன்னான். "ஓட்டம் அடுத்த வருசமும் வரும், றொசா." அவள் தலையாட்டினாள். அடுத்த வருடம் மகள் மக்டலீன் வந்தாள். அதற்கடுத்த வருடம் படகு உடைந்தது. பிறகு அவர்கள் இருவரும் அந்தக் கதையை எடுக்கவேயில்லை.

போன வருடம் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற வழியில் அவள் வீட்டுக்குத் திரும்பாமல் நேரே சைக்கிளை விட்டாள். முதல்நாள் மானிப்பாய் வரை. ஒரு மாதத்தில் வல்வெட்டித்துறை வரை. அவனோடு தொழிலுக்குப் போகும் சிமியோன் ஒருநாள் சந்தையில் வைத்துப் பகிடி விட்டான்.

"டேய் எமில், உன்ரை மனிசியைப் பருத்தித்துறையிலை கண்டனடா. நீ கடலாலை வர முந்தி அவ தரையாலை வந்திடுவா போலை. போட்டை வித்துப்போட்டு நீயும் பின் கரியரிலை ஏறன்!"

எமில்ராஜுக்கு வெட்கம் வரவில்லை. பெருமைதான் வந்தது. மாகாணத் தெரிவு சித்திரையில் என்றார்கள். பயிற்சியாளர் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட்டார்: அடுத்த வருடத்திலிருந்து இருபத்துமூன்று வயதுக்கு மேற்பட்டவர்களை எடுப்பதில்லை. றொசாந்திக்கு இருபத்தொன்பது. ஆக, இதுதான் அவளுக்குக் கடைசி ஓட்டம். அவள் கையிலிருந்து தான் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கும் இதுதான் கடைசி வாய்ப்பு.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து விறாந்தையில் சாக்கை விரித்துச் சப்பாத்துகளைக் கவிழ்த்து வைத்தான். தூண்டிலில் கட்டுகிற தங்கூசி நரம்பு ஒன்றை முன்னுக்கும் குதிக்கும் இழுத்துக் கட்டி, கிளீற்றின் மூக்கு அந்த நரம்பில் மயிரளவும் பிசகாமல் நிற்கும்படி வைத்தான். படகில் எஞ்சினைப் பூட்டுவதும் இப்படித்தான். அது ஒரு விரற்கடை சரிந்திருந்தால் படகு நாள் முழுக்க ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும்.

றொசாந்தி கறிவேப்பிலையை உருவியபடி எட்டிப் பார்த்தாள்.

"சைக்கிள் கடைப் பரமலிங்கம் அண்ணையிட்டைக் கொண்டுபோய்ப் பூட்டுவமே? அவர் உந்தச் சாமானெல்லாம் பழகினவர்."

"மூண்டு ஆணி முடுக்க மானிப்பாய்க்குப் போறதே? நான் நாப்பது குதிரை எஞ்சினைக் கழட்டிப் பூட்டுறவனடி."

"என்ரை காலை வைச்சுப் பாக்கத் தேவையில்லையே?"

"சப்பாத்தையெல்லோ பூட்டுறன். உன்ரை காலையே பூட்டுறன்?"

அவள் சிரித்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

அவள் போனபின் அவன் இன்னொரு வேலை செய்தான். உப்புக்காற்றில் எந்த ஆணியும் நிலைக்காது என்பது கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படகின் அடி வெடித்தால் பூசுகிற றெசின் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைச் சிரட்டையில் ஊற்றி, இறுகவைக்கும் மருந்தைச் சொட்டுக் கணக்கில் விட்டுக் குழைத்தான். ஆறு ஆணிகளையும் அதில் தோய்த்துத் தோய்த்து முடுக்கினான். கிளீற்றின் ஓரத்தைச் சுற்றி வழித்துவிட்டான். ஆணித் தலைகளில் சாவி நுழைகிற ஆறுமூலைக் குழிகள் இருந்தன. அவற்றில் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும் என்று அவற்றையும் நிரப்பி, விரலால் தடவி மட்டமாக்கினான். வெயிலில் வைத்து எடுத்தபோது கல்லாக இறுகியிருந்தது. இனி இவள் விழமாட்டாள் என்று அவன் நிம்மதியாக மூச்சுவிட்டான். அவளுக்கு அதைச் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. படகின் அடியில் எத்தனை பூச்சுப் பூசினோம் என்று யாரும் மனைவியிடம் கணக்குச் சொல்வதில்லை.

முதல்நாள் கோயில் முன்னால் குதிக்காலைத் திருப்ப மறந்து சைக்கிளோடு அப்படியே சரிந்து விழுந்தாள். முழங்கை சிராய்த்தது. எழும்பாமலே கிடந்து சிரித்தாள். "அம்மா விழுந்தாச்சு, அம்மா விழுந்தாச்சு!" என்று மக்டலீன் கைதட்டினாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது றொசாந்தியின் முகத்தில் கலியாணப் பெண்ணின் மினுக்கம் இருந்தது.

"இஞ்சாருங்கோ, ஏழு நிமிசம் குறைஞ்சு போச்சு! கால் தானாப் போகுது. டக்கெண்டு கௌவினா, பிறகு நானும் சைக்கிளும் ஒண்டு."

அந்த இரண்டு வாரமும் அந்த வீட்டில் பண்டிகை மாதிரி இருந்தது. பிறகு ஒரு ஞாயிறு பூசையில், நற்கருணை மணி அடித்து எல்லோரும் முழந்தாளிட்டபோது, பெண்கள் பக்கத்தில் ஒரு தலை மட்டும் தாழாமல் வாங்குப் பலகைக்கு மேலே தெரிந்ததை எமில்ராஜ் கண்டான். அது றொசாந்தி. அவள் முன்வாங்கைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தபடி இருந்தாள்.

"என்ன, காலோ?" என்று வெளியே வந்து கேட்டான்.

"புதுச் சப்பாத்துத்தானே. பழகியிடும்."

"எவ்வளவு நாளாய்?"

"ஒரு கிழமை." பிறகு குரலைத் தாழ்த்தி, "வலது முழங்கால். உள்பக்கம். மிதிக்கேக்கை ஊசியாலை குத்திற மாதிரி இருக்கு," என்றாள்.

அவன் தைலம் போட்டு உருவிவிட்டான். உப்புப் பொட்டலம் சுடவைத்து ஒத்தடம் கொடுத்தான். செவ்வாய்க்கிழமையாகியும் வீக்கம் வற்றவில்லை. ஓட்டம் சனிக்கிழமை. அன்றுதான் அவர்கள் மானிப்பாய்க்குப் போனார்கள்.

பரமலிங்கம் சைக்கிள் கடைக்காரர். நெற்றியில் திருநீறும் விரல்களில் கிறீசுமாக இருப்பார்.

"தங்கச்சி, உந்த மேசையிலை ஏறி இருங்கோ. காலைத் தொங்கவிடுங்கோ. விறைக்கப் பிடியாதேங்கோ. மதிலிலை இருந்து கடலை சாப்பிடுற பிள்ளை மாதிரிச் சும்மா விடுங்கோ."

றொசாந்தி கால்களைத் தளரவிட்டாள். இடது கால் நேரே நின்றது. வலது கால் மெல்ல மெல்லத் திரும்பி வெளிப்பக்கம் பார்த்து நின்றது. அந்தக் காலை எமில்ராஜ் அப்போதுதான் முதன்முறையாகக் காண்பவன்போலப் பார்த்தான்.

பரமலிங்கம் சப்பாத்தைக் கவிழ்த்தார். "உதை ஆர் பூட்டினது?"

"நான்தான் அண்ணை."

"நூல் பிடிச்சோ?"

"ஓம்."

"அதுதான். சப்பாத்து நேர். ஆனால் தங்கச்சியின்ரை கால் நேரில்லையே, தம்பி. அது வெளியாலை பாக்கிற கால். கிளீற்றையும் அதுக்கேத்த மாதிரிச் சரிச்சுப் பூட்டவேணும். அதுவும் உந்தக் கறுப்புக் கிளீற் ஒரு நூலும் அசைய விடாது. காலை நேராக் கட்டிவைச்சுப்போட்டு ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தரம் மிதிச்சால், முறுக்கெல்லாம் முழங்காலுக்குத்தானே போகும்?" அவர் முகத்தை வாட்டமில்லாமல்தான் வைத்திருந்தார். "பயப்பிடாதேங்கோ. மூண்டு ஆணியையும் இளக்கினா அஞ்சு நிமிச வேலை. ரெண்டு மூண்டு தரம் ஓடிப் பாத்து, இளக்கி இளக்கித்தான் உதைச் சரிப்படுத்துறது."

ஆறுமூலைச் சாவியை எடுத்துக் குனிந்தார். சாவி வழுக்கியது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நகத்தால் சுரண்டினார்.

"இதென்ன தம்பி, மெழுகோ?"

எமில்ராஜ் ஒரு அடி கிட்ட வந்தான். "றெசின்," என்றான்.

"என்னது?"

"போட்டுக்குப் பூசுற றெசின் அண்ணை. கழண்டு விழக்கூடாதெண்டு... உப்புப் போகக்கூடாதெண்டு..."

பரமலிங்கத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "அட கடவுளே, ஓட்டை அடைச்சுப்போட்டான் மனிசன்!" என்று தொடங்கியவர் மேசையில் இருந்தவளின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

அவர் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார். ஊசியால் குழியைக் கிண்டினார்; ஊசி முறிந்தது. சூடாக்கலாமென்றால் றெசினுக்கு முன் சப்பாத்தின் அடி உருகும். கடைசியில் ட்றில் மெசினை எடுத்து ஒரு ஆணித் தலையில் வைத்தார். அது கீச்சிட்டு வழுக்கி அடிப்பலகையில் ஒரு கீறல் போட்டது. கீறலிலிருந்து மயிரிழைபோல் ஒரு வெடிப்பு ஓடியது. அவர் மெசினை வைத்துவிட்டார்.

"இனித் தொட்டால் சப்பாத்தே போயிடும். புதுச் சோடி கொழும்பிலை சொன்னால் ரெண்டு கிழமை. இஞ்சை இவவின்ரை அளவிலை ஒருத்தரிட்டையும் இல்லை." பிறகு றொசாந்தியிடம், "தங்கச்சி, பழைய பெடலோடை ஓடுங்கோ. உதைப் போட்டு ஓடினால் முழங்கால் மிஞ்சாது," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். அவன் துவாயோடு பக்கத்தில் நின்றான்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ விழுந்திடுவாயெண்டு பயம், றொசா."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

அவன் துவாயை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"அண்டைக்கும் நீங்கள் கேக்கேல்லை. நாளைக் குறிச்சிட்டு வந்துதான் சொன்னனீங்கள்."

அவள் சத்தம் போடவில்லை. ஏழு வருடமாக அந்த வார்த்தையை அவள் பத்திரமாக மடித்து வைத்திருந்தாள் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் அவனை மன்னித்துவிட்டாள் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தான். அவள் சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

"பழைய பெடலைப் பூட்டித் தாறன். அதோடை ஓடு."

"அதோடை ஓடினா ஆறாவதோ ஏழாவதோ வருவன். ரெண்டு பேரைத்தான் எடுப்பினம். கீர்த்திகா நிக்கிறா, இருபது வயசு. அவவை ரப்பர்ச் சப்பாத்தோடை பிடிக்கேலுமே?"

"கால் போயிடும் எண்டு அவர் சொல்லுறார்."

"சனிக்கிழமை வரைக்கும் இருந்தாப் போதும்."

அவன் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினான். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகவில்லை.

சனிக்கிழமை காலை வல்வெட்டித்துறையில் சனம் கூடியிருந்தது. கரையோர வீதியால் பருத்தித்துறை போய்த் திரும்பவேண்டும். அப்படி மூன்று தரம். பெண்கள் பதின்மூன்று பேர். றொசாந்தி முழங்காலில் துணி சுற்றியிருந்தாள். புறப்படும் கோட்டில் நின்று அவனை ஒருதரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். விசில் ஊதியதும் பதின்மூன்று பேரின் சப்பாத்துகளும் டக், டக்கென்று கௌவின.

முதல் தரம் திரும்பி வரும்போது அவள் ஐந்தாவதாக வந்தாள். இரண்டாம் தரம் கீர்த்திகாவின் பின் சில்லோடு ஒட்டிக்கொண்டு இரண்டாவதாக வந்தாள்! சிமியோன் எமில்ராஜின் முதுகில் அறைந்தான். "டேய், பார்டா, பார்டா! உன்ரை தாராவைப் பார்டா!"

எமில்ராஜ் அவளுடைய முழங்காலைத்தான் பார்த்தான். ஒவ்வொரு மிதிக்கும் அது உள்ளே சாய்ந்து, நீரைத் தள்ளுகிற துடுப்புப்போல் நெளிந்து நிமிர்ந்தது. அவளுடைய வாய் திறந்திருந்தது. கடந்து போகும்போது அவள் மூச்சில் ஒரு முனகல் கலந்திருந்ததை அவன் கேட்டான். ஆனாலும், இரண்டாவது! 'அந்தோனியாரே, இன்னும் பதினாறு கிலோமீற்றர். பதினாறுதான்.' அவன் மனதும் அவளைப்போலவே வலியை மறந்து ஆசைப்பட்டது.

மூன்றாம் தரம் கீர்த்திகா முதலாவதாக வந்தாள். அடுத்து ஒரு சாவகச்சேரிப் பிள்ளை. அடுத்து மூன்று பேர் ஒன்றாக. அவன் எண்ணினான். ஏழு, எட்டு. பத்து. பன்னிரண்டு பேரும் வந்து முடிந்தபின்னும் வெறும் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒலிபெருக்கியில் இரண்டு பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்கள். அவன் சிமியோனின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பருத்தித்துறைப் பக்கமாக விட்டான்.

பொலிகண்டியில், கரையில் இழுத்துவிட்டிருந்த படகுகளுக்கு எதிரே, ஒரு மதிலோரம் நாலைந்து சனம் நின்றது. நடுவில் றொசாந்தி சைக்கிளின் மேல் நின்றாள். இடது கால் நிலத்தில். வலது கால் இன்னும் பெடலில். இரண்டு கைகளாலும் மதிலைப் பிடித்திருந்தாள்.

"தொட விடுறா இல்லைத் தம்பி," என்றாள் கதிரையோடு நின்ற ஒரு பெண். "காலிலை கை பட்டாலே கத்துறா."

பெடல் விடவேண்டுமானால் குதிக்காலை வெளியே, விரல்களை உள்ளே திருப்பவேண்டும். அந்தக் கால் பிறவியிலேயே திரும்ப மறுக்கிற பக்கம் அது. இன்று அது எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய நிலையில் இல்லை. அவனைக் கண்டதும் அவள் சொன்னாள்: "கழட்ட முடியேல்லை."

அவன் வீதியில் முழந்தாளிட்டான். சைக்கிளைத் தோளால் தாங்கிக்கொண்டு சப்பாத்தின் கொளுக்கியைத் தளர்த்தினான். சப்பாத்தை அசைக்காமல், பிறந்த குழந்தையை எடுப்பதுபோல், காலை மட்டும் மெல்ல வெளியே எடுத்தான். கால் அவன் கைக்குள் வந்ததும் தானாக வெளிப்பக்கம் திரும்பியது. முழங்கால் பனங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அவள் அவனுடைய தலைமயிரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றி நின்றவர்கள் அவளைக் கதிரையில் இருத்தினார்கள்.

வெறும் சப்பாத்து பெடலில் நின்றது. எமில்ராஜ் அதன் குதியைப் பிடித்து வெளிப்பக்கம் திருப்பினான். டக். ஒரு பாரமும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது.

"இஞ்சை தாங்கோ," என்றாள் றொசாந்தி. சப்பாத்தைக் கவிழ்த்து அந்தக் கறுப்பு முக்கோணத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அடிப்பலகை குறுக்கே வெடித்திருந்தது. கிளீற் மட்டும் இட்ட இடத்தில் அப்படியே இருந்தது.

"நல்லாத்தான் பூட்டியிருக்கிறியள்," என்றாள். ஏளனமாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாள்.

"றொசா... அடுத்த வருசம்..."

அந்த இரண்டு சொற்களும் வாயை விட்டு வந்தபிறகுதான், அவளுக்கு இனி அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை என்பது அவனுக்கு நினைவு வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மிச்சத்தை அவன் சொல்வான் என்று காத்திருப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் குனிந்து அவளுக்குத் தோளைக் கொடுத்தான்.

மோட்டார் சைக்கிள் வீதிக்கு அந்தப் பக்கம் நின்றது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் ஒற்றைக் காலால் தத்தித் தத்தி வந்தாள். காற்று வாரிப் போட்டிருந்த மணலில் இடது காலின் சுவடு மட்டும், நேர் நேராக, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது.